இடது சிறகில் ஆறு இறகுகள்

வெள்ளாறு கடலை நெருங்குவதற்கு முன் ஒருமுறை தெற்கே திரும்பி, ஆலந்துறைக் கோட்டையின் கருங்கல் மதிலை மூன்று புறமும் தழுவிக்கொண்டு, பிறகு மனமே இல்லாமல் கிழக்கே நகர்ந்து செல்லும் அழகைப் பங்குனிப் பௌர்ணமி மாலையில் பார்க்கவேண்டும், வாசகர்களே! மேற்கே சூரியன் இன்னும் மறையவில்லை; கிழக்கே நாணற்காட்டுக்குப் பின்னால் நிலா எழுவதற்கு இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. கோட்டைத் துறையில், நாற்பது துடுப்புகள் கொண்ட நெடும்படகு ஒன்று, முகப்பில் வேங்கைக் கொடி தொங்க, வாழைக்குலையும் மாவிலைத் தோரணமும் கட்டி, மணப்பெண்ணை அழைத்துப்போகக் காத்து நின்றது. எல்லாம் சரிதான். ஆனால் கல்யாணப் படகு, இளந்தென்றல், நாற்பது ஆண்பிள்ளைகள், இத்தனை இருந்தும் படகிலிருந்து ஒரு பாட்டு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. முண்டாசைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அத்தனை பேரும் குனிந்தே உட்கார்ந்திருந்தார்கள். யாருக்குத்தான் சந்தேகம் வராது? கரையில் கூடியிருந்த ஆலந்துறை மக்களுக்கு வரவில்லை. அவர்கள் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேன்மாடத்துப் பலகணியில் நின்ற ஒருத்திக்கு மட்டும் வந்தது. ஆலந்துறை அரசரின் ஒரே மகளும், அந்தப் படகில் ஏறவேண்டியவளுமான ஒப்பிலாநங்கைதான் அவள். வேங்கைவாயில் நாட்டு இளவரசர் எயினாதித்தரை அவள் கண்ணால் கண்டதில்லை. பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். ஆனால் ஓராண்டாக இருவருக்கும் ஓலைப் போக்குவரத்து உண்டு. அந்த ஓலைகளில் நிலவும் மலரும் மன்மதனும் நிரம்பி வழிந்திருக்கும் என்று நீங்கள் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். முழுக்க முழுக்கக் கிளி வளர்ப்புதான்! தன் கிளி ஒன்றுக்குச் சிறகு முளையில் ரத்தம் கசிகிறது, என்ன செய்யலாம் என்று அவள் முதன்முதலில் கேட்டெழுத, அவர் பதிலெழுத, அப்படியே வளர்ந்த நேசம் அது. இதென்ன காதலோ என்று அரண்மனைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், நமக்கென்ன?

வடவெல்லைப் போருக்குப் புறப்பட்ட அரசர், இளவரசரின் முத்திரை மோதிரத்தோடு தூதர் வந்தால் மகளை அனுப்பிவைக்கும்படி படைத்தலைவரிடம் சொல்லிப் போயிருந்தார். மகளோ தன் பங்குக்கு ஓர் ஓலை விடுத்திருந்தாள். "மோதிரம் யார் விரலிலும் ஏறும். தங்களைத் தவிர யாரிடமும் ஒட்டாத குறும்பன் என்ற கிளியைத் தூதரோடு அனுப்பினால்தான் படகேறுவேன்" என்று விளையாட்டாக எழுதினாள். இன்று மோதிரமும் வந்தது, குறும்பனும் வந்துவிட்டான். இனி மறுக்க என்ன இருக்கிறது?

"தேவி, இங்கே கொஞ்சம் வாருங்கள்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழைத்தவள் இயக்கி. அரண்மனைக் கிளிக்கூடம் முழுவதும் அவள் பொறுப்பு. முப்பது வயது, கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான நாக்கு.

தூதர் கொண்டுவந்த பொற்கூண்டு திறந்திருந்தது. குறும்பன் இயக்கியின் கையைக் கடித்துவிட்டு, எதிரே இருந்த தாங்குகட்டையை நோக்கித் தாவினான். தாவியவன் நேரே போகவில்லை. காற்றில் இடப்பக்கமாகச் சுழன்று, தலைகீழாகப் புரண்டு, மார்பு தரையில் அறையத் தொப்பென்று விழுந்தான்.

"ஐயோ!" என்று ஓடிப்போய் அவனை வாரியெடுத்தாள் ஒப்பிலாநங்கை.

"மெதுவாக, மெதுவாக! இப்படி நாலு தடவை விழுந்தால் நெஞ்செலும்பு பிளந்துவிடும்" என்று இயக்கி பறவையை ஒரு துணியில் பொதிந்து வாங்கி, இடது சிறகை விரலால் விரித்தாள். பிறகு வலது சிறகை விரித்தாள். மறுபடியும் இடது சிறகுக்கு வந்தாள். அவள் முகம் மாறியது.

"என்னடி?"

"இடப்பக்கம் ஆறு நீள இறகுகளை நறுக்கியிருக்கிறார்கள். வலப்பக்கம் ஒன்றுகூடத் தொடவில்லை, தேவி. கிளிக்குச் சிறகு நறுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக நறுக்கவேண்டும். அப்போதுதான் மேலே எழும்பாவிட்டாலும் விழாமல் சரிந்து இறங்கும். ஒரு பக்கம் மட்டும் நறுக்குவது பாவம்."

"தெரியாத எவனோ செய்திருப்பான்."

"அதுதான் எனக்குப் புரியவில்லை. இதோ பாருங்கள், இந்த முளை இறகை. உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, கருநீலமாய்த் தெரிகிறதே! இதை வெட்டினால் ரத்தம் நிற்காது. வெட்டியவன் இதைத் தொடவில்லை. தொடாதது மட்டுமா? இது தனியாக நின்றால் எதிலாவது இடித்து ஒடியும் என்று பக்கத்து இறகையும் துணைக்கு விட்டுவைத்திருக்கிறான். இது தேர்ந்த கை, தேவி. இவ்வளவு தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் நறுக்கத் தெரியாதா?"

ஒப்பிலாநங்கை குனிந்து அந்த முளை இறகை உற்றுப் பார்த்தாள். முளை இறகுக்குத் துணை இறகு விடும் வழக்கத்தை அவள் கேள்விப்பட்டது ஒரே ஒருவரிடம்தான். அவளுடைய பேழையில் இருந்த மூன்றாவது ஓலையில் அது இருந்தது. இரண்டு சிறகும் சமம் என்ற விதியை மீறிக் கிளி வளர்ப்பவன் தன் கண்ணில் படவே கூடாது என்று எரிந்து விழுந்து எழுதியதும் அதே ஓலையில்தான். அவள் மெல்லக் கேட்டாள்: "எப்போது வெட்டியது?"

"வெட்டி இரண்டு நாள் ஆனால் கிளி சும்மா இருக்குமா? வெட்டுவாயைக் கோதிக் கோதிப் பிசிறாக்கிவிடும். இதில் ஒரு பிசிறு இல்லை. இன்று காலையில் வெட்டியது."

வேங்கைவாயிலிலிருந்து ஆலந்துறைக்கு ஆற்றுவழியில் ஆறு நாள் பயணம், வாசகர்களே! ஒப்பிலாநங்கை அதைத்தான் விரல்விட்டுக் கணக்கிட்டாள்.

சற்றைக்கெல்லாம் தூதர் மழவரையர் திரைக்கு அப்பால் வந்து நின்றார். நல்ல உயரம், பட்டு உத்தரீயம், பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. நிலா எழுமுன் படகு நகரவேண்டும், நேரம் நெருங்குகிறது என்று அவர் மூன்றாம் முறையாக நினைவூட்டினார்.

"இதோ எழுந்துவிட்டேன், தூதரே. கிளியைப் பார்த்ததில் மனம் குளிர்ந்தது. தங்கள் அரண்மனையில் இதன் சிறகை எப்போது நறுக்கினார்கள்?"

"புறப்படுவதற்கு முதல் நாள், தேவியார். நல்ல ஓரை பார்த்து நறுக்கியது."

"ஒரு பக்கம் மட்டும் நறுக்கியிருக்கிறதே? தங்கள் வழக்கம் அப்படியோ?"

"ஆம், தேவியார். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம்" என்றார் மழவரையர், ஒரு கணமும் தயங்காமல். "இரண்டு பக்கமும் நறுக்கினால் பறவை சமாளித்துக்கொள்ளும் அல்லவா? ஒரு பக்கம் என்றால் எழும்பவே எழும்பாது. மதிலேறித் தாவாது."

"அருமையான முறை! எங்கள் கிளிக்காரிக்கும் சொல்லித்தருகிறேன்" என்றாள் இளவரசி. குரலில் தேன் ஒழுகியது.

தூதர் போனதும் இயக்கி பல்லைக் கடித்தாள். "மதிலேறித் தாவுகிற கிளியை எந்த ஊரில் பார்த்தாராம்? கோழிக்குத்தான் ஒரு சிறகை நறுக்குவார்கள், சுவர் தாண்டி அடுத்தவன் கொல்லைக்குப் போகாமல் இருக்க. கரடிக்குன்றத்தில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். அங்கே சேவற்சண்டை இல்லாத வீடே கிடையாது."

கரடிக்குன்றம்! ஆலந்துறைக்கும் வேங்கைவாயிலுக்கும் பொதுவான பகைவர் கரடிக்குன்றத்தார். இந்த இரண்டு நாடுகளும் மண உறவால் ஒன்றுபட்டால் அவர்கள் கதை முடிந்தது.

படைத்தலைவர் ஊரன் கொற்றன் கிளிக்கூடத்துக்கு வரவழைக்கப்பட்டார். நரைத்த மீசைக்காரர், அரசர் சொல்லே வேதம் அவருக்கு. இளவரசி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தேவி, மோதிரத்தை என் கையால் சோதித்தேன். கொஞ்சமும் போலி இல்லை. நாலு இறகைப் பார்த்துவிட்டு அரச முத்திரையைச் சந்தேகிப்பதா? மன்னிக்கவேண்டும், எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில் வருகிறது." அவர் இயக்கியை ஏற இறங்கப் பார்த்தார். "கரடிக்குன்றத்துக் கோழிவளர்ப்பு இந்த அம்மாளுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? இவள் பிறந்த ஊர் எது என்று தேவிக்குத் தெரியுமா?"

இயக்கியின் முகம் வெளுத்தது. "கரடிக்குன்றத்து எல்லைதான், ஐயா. பிறந்தது என் குற்றமா?"

"இந்தத் திருமணம் தடைப்பட்டால் யாருக்கு லாபம்? கரடிக்குன்றத்தாருக்கு. தடுக்கச் சொல்பவள் யார்? அந்த ஊர்க்காரி. போதாதா?"

ஒப்பிலாநங்கை இயக்கியைப் பார்த்தாள். பத்தாண்டுப் பழக்கம்தான், ஆனாலும் சந்தேகம் என்னும் பாழும் பேய் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் யாரை விட்டது? காலையில் வெட்டியதென்று சொன்னவள் இவள்தானே? இவளே ஏன் வெட்டியிருக்கக்கூடாது? அவள் எழுந்துபோய் கூண்டின் அடித்தட்டை விரலால் துழாவினாள். பச்சை இறகின் துணுக்குகள் மூன்று அங்கே ஒட்டிக்கிடந்தன. மேலே காய்ந்த எச்சம் படிந்திருந்தது. இந்தக் கூடத்துக்கு வந்து ஒரு நாழிகைகூட ஆகாத கூண்டு அது. கூண்டு வரும்போதே துணுக்குகளும் வந்திருக்கின்றன.

"இயக்கி, ஒரு கணம் உன்னைச் சந்தேகித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றாள் பட்டென்று.

"அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை, தேவி" என்றாள் இயக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"படைத்தலைவரே, நன்றாகக் கேளுங்கள். குறும்பன் இளவரசர் ஒருவரிடம்தான் ஒட்டுவான். வேறு யார் தொட்டாலும் கடிப்பான். ஆகவே சிறகை நறுக்கியது அவர் கை. என் கையிலிருந்து கிளி பறந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று எண்ணியவர்கள் அவரை வற்புறுத்தி நறுக்கவைத்திருக்கிறார்கள். அவர் வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் நறுக்கினார். சுற்றி நின்றவர்கள் கோழிக்காரர்கள்; அவர்கள் கண்ணுக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கும். தவறு என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி இதோ நிற்கிறாள், இன்னொருத்தி நான். எனக்கு ஓலை எழுத அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை!"

கொற்றன் மீசையை வருடுவதை நிறுத்தினார். "அப்படியானால் இளவரசர்..."

"இன்று காலையில் கிளியைத் தொட்டவர் வெகுதூரத்தில் இருக்க முடியாது. அந்தப் படகில்தான் இருக்கிறார். தாமே என்னை அழைத்துப்போக வந்திருப்பார்; வழியில் மடக்கியிருப்பார்கள். கிளியைக் கையாள அவர் வேண்டும் என்பதால் கொல்லாமல், நாற்பது பேரில் ஒருவராக உட்காரவைத்திருக்கிறார்கள்."

"ஆணையிடுங்கள்! இப்போதே படகைச் சூழ்ந்துகொள்கிறேன்."

"சூழ்ந்த மறுகணம் அவர் முதுகில் கத்தி இறங்கும். நாற்பது பேரில் யார் அவர் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையே!" இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. ஓராண்டாக எழுத்தாக மட்டுமே அறிந்த ஒருவரை, ஒரே ஒருமுறைகூடப் பார்க்காமல், தன் கோட்டை வாசலிலேயே பறிகொடுத்துவிடுவோமோ என்று அவள் பயந்தாள்.

இயக்கி அதற்குள் சிறு கத்தரியை எடுத்துவிட்டாள்.

"தேவி, பறவையை இறுக்காமல் பிடியுங்கள். மூச்சுக்கு இடம் விடுங்கள். வலப்பக்கமும் ஆறு நறுக்குகிறேன், இந்தப் பக்கத்து அளவுக்கே. இரண்டும் சமமாகிவிட்டால் சுழலமாட்டான். உயரத்திலிருந்து விட்டால் நேராகச் சரிந்து இறங்குவான். இருட்டப்போகிற நேரம், எந்தக் கிளியும் அடைவதற்குத் தன் ஆளைத் தேடும். அவன் கண்ணுக்குத் தெரியும் அவர் யாரென்று."

அவள் ஒவ்வோர் இறகையும் ஊதி விலக்கி, தண்டில் ரத்தம் இல்லை என்று வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து நறுக்கினாள். கொற்றன் அவளுக்காக விளக்கைத் தூக்கிப் பிடித்தார். அந்தப் பெரிய மனிதர் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அப்படித்தான்.

நாதசுரம் முழங்க, பல்லக்குத் துறைக்கு இறங்கியது. பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரும் கோட்டைக் காவல்வீரர்கள். முன்கொம்பைத் தோளில் தாங்கியவர், மீசையை மழித்துவிட்ட கொற்றன். முப்பது வருஷத்து மீசை! அவர் மனைவி கரையில் நின்றிருந்தும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

பல்லக்கையும் சீதனப் பெட்டிகளையும் சுமந்து அந்த எட்டுப் பேரும் பின்னால் வர, இளவரசி படகின் முகப்பு மேடையில் ஏறினாள். இடது மணிக்கட்டில், கடிக்கு அஞ்சிச் சுற்றிய தடித்த துணியின்மேல் குறும்பன். கீழே இரு வரிசையாக இருபதும் இருபதுமாகத் துடுப்புக்காரர்கள். ஒவ்வொரு முண்டாசாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே நிறம். எல்லா முதுகும் ஒரே வளைவு. இடையிடையே கால்மாற்றி நின்ற காவலர்கள் சிலர். அவர்கள் இடுப்புக் கச்சையில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

"பல்லக்கு ஆட்கள் இறங்கலாமே" என்றார் மழவரையர். அவர் கண்கள் அந்த எட்டுப் பேரின் தோள்களை அளந்தன. "வெகு திடகாத்திரமான ஆட்கள், தேவியார்."

"என் தந்தையின் அரண்மனையில் சாப்பாடு தாராளம், தூதரே."

"இருக்கட்டும். படகு பாரம் தாங்காது. இறங்கச் சொல்லுங்கள்."

"என் சீதனப் பெட்டிகளை நடுப்பலகையில் வைத்துவிட்டு இறங்குவார்கள்."

தூதரின் பணிவு எங்கேயோ நழுவிப்போயிருந்தது. அவர் கை இடுப்புக்குப் போயிற்று. இனி ஒரு கணம் தாமதித்தாலும் ஆபத்து. ஒப்பிலாநங்கை சேலைத் தலைப்பில் கால் தடுக்கியவள்போலத் தடுமாறி, கையை உயர்த்தி, குறும்பனைக் காற்றில் விட்டாள்.

போ, போடா கண்ணா, விழுந்துவிடாதே என்று அவள் மனம் கதறியது. பச்சைச் சிறகுகள் இரண்டும் ஒரே அளவாக விரிந்தன. அவன் சுழலவில்லை. எழும்பவும் இல்லை. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, தாழ்ந்து தாழ்ந்து, நூல் பிடித்தாற்போல் மிதந்துபோய், வலப்பக்க வரிசையில் கடைசியிலிருந்து மூன்றாம் ஆளின் தோளில் இறங்கி, உரிமையோடு அவன் காதைக் கடித்தான்.

"கடைசியிலிருந்து மூன்றாமவர், கொற்றரே!"

அந்த ஆளுக்குப் பின்னால் நின்றவன் கத்தியை உருவி ஓங்கியபோது, பல்லக்குக் கொம்பு காற்றில் பறந்து வந்து அவன் மார்பில் மோதியது. இரண்டு தாவலில் கொற்றன் அங்கே இருந்தார். தம் முதுகையே கேடயமாக்கி அந்த மனிதரைப் போர்த்திக்கொண்டார். துறைப்படிகளில் மறைந்திருந்த வில்லாளிகள் எழுந்து நின்று நாணேற்றினார்கள். அதற்குப் பிறகு நடந்த அடிதடியை விவரித்து உங்கள் நேரத்தைப் போக்க எனக்கு விருப்பமில்லை. இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. துடுப்புக்காரர்களில் பாதிப்பேர் தாங்களாகவே கையைத் தூக்கிவிட்டார்கள். மழவரையர் மட்டும் பட்டு உத்தரீயத்தை உதறிவிட்டு ஆற்றில் பாய்ந்தார். நாணற்காட்டை அலசினார்கள், ஆள் அகப்படவில்லை. பொல்லாத நீச்சல்காரன்!

தோளில் கிளியோடு அந்த மனிதரை மேடைக்கு அழைத்துவந்தார்கள். கணுக்காலில் விலங்கு, மணிக்கட்டில் கயிறு அறுத்த புண். முண்டாசு அவிழ்ந்து முகம் தெரிந்தது. நல்ல முகம்தான். ஆனால் அன்று மாலை நல்ல முகத்தோடு வந்த இன்னொருவரை அவள் பார்த்திருந்தாள் அல்லவா? அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"தாங்கள் யார்?"

அவர் முதல் வேலையாகக் குறும்பனைக் கையில் எடுத்து, இடது சிறகை விரித்தார். முளை இறகு ஒடியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். வலது சிறகை விரித்து, வெட்டுவாய்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மார்பெலும்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எத்தனை தடவை விழுந்தான்?" என்று கேட்டார்.

"ஒரே தடவைதான்" என்றாள் ஒப்பிலாநங்கை. அதற்குமேல் அவளுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

"ஒரே தடவை..." எயினாதித்தர் நீண்ட பெருமூச்சு விட்டார். "அவன் விழவேண்டும் என்று தெரிந்தேதான் வெட்டினேன், தேவி. விழுந்தால்தான் தாங்கள் பார்ப்பீர்கள். வெட்டும்போதுகூட அவன் என் கையைக் கடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை."

ஒப்பிலாநங்கை நெருங்கிவந்து, அவர் கையிலிருந்த பறவையின் நறுக்கிய சிறகின்மேல் தன் வலக்கையை வைத்தாள். கரையில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நம் இருவருக்காகவும் இழந்தவன் இவன்தான். இந்தத் தண்டுகள் உதிர்ந்து, புதிய இறகு முளைத்து, இவன் தானாகவே இந்த ஆற்றைப் பறந்து கடக்கும் நாள் வரை நான் மணமாலை சூடமாட்டேன். இது வெள்ளாற்றின் மேல் ஆணை!"

எயினாதித்தர் திகைத்துப்போனார். "தேவி, இறகு உதிர்ந்து முளைக்க முழுதாக ஓராண்டு ஆகுமே!"

"ஆகட்டும்."

"அதுவரையில் நான்?"

ஒப்பிலாநங்கை முகம் சிவந்து தலைகுனிந்தாள். இயக்கிதான் முன்னால் வந்து, இளவரசரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"கிளிக்கூடத்தில் ஓர் ஆள் குறைவாக இருக்கிறது, பிரபு. ஆனால் கத்தரியை உங்களிடம் தரமாட்டேன்" என்றாள்.